டிஜிஸ்பார்க் போர்டை இயக்குவதும் கோளாறு நீக்குவதும்

குறுவை நாற்றங்காலில் தண்ணீர் வற்றியதும் ஒரு விளக்கு எரிந்து காட்ட வேண்டுமென்று மன்னார்குடிப் பக்கத்து மாணவர் ஒருவர் விரும்பினால், நிரல் எழுதி இயக்கக்கூடிய, கட்டைவிரல் அளவே உள்ள டிஜிஸ்பார்க் என்ற மின்சுற்றுப் போர்டு அதற்குத் தாராளமாகப் போதும். அதிலுள்ள ஏடிடைனி85 சிப்பின் 8 கேபி நினைவகத்தில் ஏறத்தாழ 2 கேபியைப் பூட்லோடர், அதாவது யூஎஸ்பி வழியாக நம் நிரலை வாங்கிப் பதியும் சிறு நிரல், எடுத்துக்கொள்கிறது. மீதி நம் நிரலுக்கு.

முதலில், நிரல் எழுதிப் போர்டில் ஏற்றப் பயன்படும் ஆர்டுயினோ மென்பொருளில், இந்தச் சிப்புக்கான ஏடிடைனிகோர் தொகுப்பைச் சேர்த்து, போர்டு பட்டியலில் மைக்ரோநியூக்ளியஸ் (இந்தப் பூட்லோடரின் பெயர்) என்று குறிக்கப்பட்ட ஏடிடைனி85-ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் ஸாடிக் என்ற சிறு மென்பொருள் மூலம் டிரைவரை நிறுவ வேண்டும். லினக்ஸில் டிரைவர் தேவையில்லை. யூஎஸ்பி சாதனத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் யூடெவ் விதிக் கோப்பு ஒன்றைச் சேர்த்தால் அனுமதிச் சிக்கல் வராது.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அடுத்த படியில்தான். போர்டை முன்கூட்டியே செருகி வைக்காதீர்கள். அப்லோட் பொத்தானை அழுத்தி, போர்டைச் செருகச் சொல்லும் செய்தி திரையின் அடியில் வந்த பிறகு, 60 விநாடிக்குள் செருகுங்கள். மின்சாரம் கிடைத்த முதல் சில விநாடிகள் மட்டுமே கணினிக்காகக் காத்திருக்கும் பூட்லோடர், அதன்பின் ஏற்கெனவே பதிந்துள்ள நிரலை ஓட்டத் தொடங்கிவிடும். மற்ற ஆர்டுயினோ போர்டுகளைப் போல மென்பொருளில் காம் போர்ட் (சீரியல் இணைப்பு) எண் எதுவும் தோன்றாதது கோளாறு அன்று. இந்தப் போர்டு சீரியல் சாதனமாகத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. போர்டிலுள்ள விளக்கை மின்னவைக்கும் பிளிங்க் மாதிரி நிரலில், விளக்கின் முனை (pin) எண்ணை 1 என்று கொடுத்துப் பாருங்கள். சில போர்டுகளில் விளக்கு 0-இல் இருக்கும்.

செருகியும் கணினி கண்டுகொள்ளவில்லையென்றால் உடனே போர்டைக் குறைசொல்ல வேண்டாம். இந்தச் சிப்பில் யூஎஸ்பிக்கென்று தனிச் சுற்று கிடையாது; மென்பொருளே சிக்னலை உருவாக்குவதால், சில யூஎஸ்பி 3 துளைகளில் அது தடுமாறும். இடையில் ஒரு யூஎஸ்பி 2.0 ஹப் வைத்தாலே பல வேளைகளில் சரியாகிவிடும். மைக்ரோ யூஎஸ்பி வகைப் போர்டானால் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை.

நீர் உணர்விக்கு பி3, பி4 முனைகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை யூஎஸ்பி தரவுக் கம்பிகளோடு இணைந்தவை. பி3-இல் உள்ள 1.5 கிலோ ஓம் மின்தடை அளவீட்டையும் பிறழச் செய்யும். உணர்வியாகும் இரு கம்பிகளில் ஒன்றை 5 வோல்ட்டிலும் மற்றொன்றைப் பி2-இலும் இணைத்து, பி2-இலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போடுங்கள். அனலாக் அளவீட்டில் பி2 முனையின் எண் 1 என்பதால், நிரலில் அனலாக் எண்ணை 2 என்று எழுதாமல் 1 என்று எழுத வேண்டும். இரு கம்பி முனைகளும் தண்ணீரில் நனைந்திருக்கும்போது அளவு உயர்ந்தும், வற்றியதும் சுழியத்துக்கு அருகிலும் இருக்கும்.

வயலில் பேட்டரி கொடுக்கும்போது 5வி முனையையும், கூடுதல் வோல்ட்டைக் குறைத்துச் சிப்புக்குத் தரும் விஐஎன் முனையையும் மாற்றிவிடாதீர்கள். சிப்பின் இயக்க வரம்பு 5.5 வோல்ட்தான், 12 வோல்ட்டை நேராக 5வி முனையில் கொடுத்தால் அது கருகிவிடும்.