நோட்டோ பேராலயத்தைப் பார்க்கச் சரியான நேரம்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள நோட்டோ நகரின் பரோக் (அலங்காரம் மிகுந்த ஐரோப்பியக் கட்டடப் பாணி) பேராலயத்தை நண்பகலில் பார்க்காதீர்கள். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போங்கள். முகப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை, எதிரே உள்ள படிக்கட்டே போதும்.

1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு புதிய இடத்தில் எழுப்பப்பட்ட இந்நகரம், அந்த வட்டாரத்து மென்மையான சுண்ணாம்புக்கல்லால் ஆனது. எளிதில் செதுக்க வரும் கல் என்பதால் சிற்பிகள் தூண் தலைகளிலும் பால்கனிகளிலும் கைவண்ணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் கண் கூசுமே தவிர, இந்த நுணுக்கம் பிடிபடாது. பேராலயம் தெற்கு நோக்கியிருப்பதால், பிற்பகல் ஒளி பக்கவாட்டில் விழுகிறது. ஒவ்வொரு குடைவும் தனி நிழல் கொண்டு எழுகிறது, வெளிறிய கல் தேன் நிறம் கொள்கிறது. அந்த நிறத்துக்காகவே அங்கே போகலாம்!

ஜூன், ஜூலையில் இந்தக் கணக்கு செல்லாது: சூரியன் வடமேற்கே சாய்வதால் மாலைக்குள் முகப்பு நிழலாகிவிடும், 3 மணிக்கே போய்விடுங்கள். மேகமூட்டமான நாளிலும் பலனில்லை. சிசிலியின் இன்னொரு பரோக் நகரமான கட்டானியாவுக்கு இந்த நேரக் கணக்கே தேவையில்லை. அங்கே எட்னா எரிமலையின் கரிய குழம்புக்கல்லும் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லும் கலந்திருப்பதால் வேலைப்பாடு எந்நேரமும் துலங்கும்.