குரூமிங் போட்டியில் நடுவராக நிற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் நாய்க்கு முடி வெட்டும் கடைகள் வந்த பிறகு, நாய்க் கண்காட்சி நடக்கும் இடத்திலேயே ஓரமாக ஒரு பந்தல் போட்டு, நாய்க்கு முடி வெட்டி ஒழுங்குபடுத்தும் குரூமிங் போட்டியும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். போட்டி கூடக் கூட நடுவர்களும் புதிதாக வருகிறார்கள். நாங்கள் ஆரம்பத்தில் அடித்த கூத்தையெல்லாம் அவர்களும் ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். சொந்தக்காரருக்கு மார்க் போடாதே, நேரத்துக்கு வா, நடுவில் போனை நோண்டாதே என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைக்கூடச் சொல்லித்தர வேண்டிய ஆளை நடுவராகக் கூப்பிட்டது அமைப்பாளர் தப்பு.

முன்பார்வையைத் தவிர்ப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கத்திரி எடுப்பதற்கு முன்னால் மேஜைமேல் நிற்கும் ஒவ்வொரு நாயையும் நடுவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் நாயைக் குளிப்பாட்டி, டிரையரில் காயவைத்துத்தான் கொண்டு வருவார்கள். இரண்டு, இரண்டரை மணி நேரம் வெட்டுவதற்குத் தருவார்கள். அந்த நேரத்துக்குள் அந்தக் கை என்ன செய்தது என்பதற்குத்தான் மார்க். ஆரம்பத்தில் நாய் எப்படி இருந்தது என்று பார்க்காதவருக்கு இது எப்படித் தெரியும்? மேலப்பாளையம் சந்தையில் முதுகில் கை வைத்துப் பார்க்காமல் யாராவது ஆடு வாங்குவார்களா?

தென்காசிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டி. நான் மேஜைகளுக்கு எண் ஒட்டும் வேலையில் இருந்தேன். முன்பார்வை நேரத்தில் நடுவர் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். ஒரு மேஜையில் ஷிட்சூ என்ற நீள முடிச் சின்ன நாய். முகம் உருண்டையாக, கால் நான்கும் உருளையாக, மூன்று நான்கு நாளுக்கு முன்பே கடையில் வைத்து முடித்த வேலை. போட்டி நேரம் முழுக்க அந்த ஆள் ஸ்பிரே அடிப்பதும் சீப்பால் தூக்கிவிடுவதுமாக இருந்தார். யாராவது பக்கத்தில் வந்தால் கத்திரியை முடியில் படாமல் காற்றில் கடகடவென்று ஆட்டுவார். கீழே விரித்த துணியில் ஒரு கைப்பிடி முடிகூட விழவில்லை.

இரண்டு மேஜை தள்ளி, சங்கரன்கோவிலிலிருந்து வந்த ஒரு பிள்ளை இங்கிலீஷ் காக்கர் நாய் ஒன்றை வைத்திருந்தது. காதுக்கு அடியில் சிக்கு, பாதம் நாலும் செருப்புப் போட்ட மாதிரி முடி. காக்கருக்கு முதுகில் கிளிப்பர், அதாவது முடி வெட்டும் மெஷின் போட்ட தடம் தெரியக் கூடாது. செத்த முடியை விரலாலும் ஸ்டிரிப்பிங் கத்தியாலும் பிடுங்கி எடுத்துத்தான் அந்தப் பளபளப்பைக் கொண்டுவர வேண்டும். அந்தப் பிள்ளை அதைச் செய்தது. நாய் ஒரு தடவைகூட முனகவில்லை. இடது பின்னங்காலில் மட்டும் கொஞ்சம் மேடு பள்ளம் நின்றுவிட்டது.

மணி அடித்ததும் நடுவர் வந்தார், சுற்றிப் பார்த்தார், ஷிட்சூவுக்கு முதல் பரிசு. “இது முன்னமே வெட்டிக் கொண்டாந்தது, நீங்க பாக்கலியா?” என்று கேட்டேன். “முடிஞ்ச நாயைத்தான அண்ணாச்சி பாக்கணும்?” என்றார்.

முடிஞ்ச நாயாம்!

அந்தப் பிள்ளைக்குப் பரிசு கை நழுவியதோடு இது நிற்கவில்லை. அடுத்த முறை அதே இடத்தில் போட்டி வைத்தபோது பாதிப் பேர் வெட்டி முடித்த நாயோடு வந்து இறங்கினார்கள். யார் என்ன கற்றுக்கொள்கிறார்கள் பாருங்கள். ஒரு நடுவர் தவறவிட்ட கால் மணி நேரம், அந்தப் பகுதிப் போட்டியையே கெடுத்துவிட்டது.

சரி, முன்பார்வையில் என்ன செய்வது? சீப்பைத் தோல்வரை இறக்கி முடியை நிமிர்த்துங்கள். முதுகு, கால், காதோரம் என்று எவ்வளவு நீளம் நிற்கிறது என விரலை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு, எட்டு வாரம் வளர்ந்த முடிக்கு நுனி ஏறுக்குமாறாக இருக்கும். போன வாரம் வெட்டியதென்றால் ஒரே மட்டத்தில் மொட்டையாக நிற்கும். பாதத்தைத் தூக்கி விரலிடுக்கைப் பாருங்கள். முன்கூட்டியே வெட்டியவர்கள் உடம்பு முடியைக் கலைத்து விட்டுக் கொண்டு வருவார்கள், பாதத்தை மறந்துவிடுவார்கள். கம்பி முடி டெரியர் வந்தால் முதுகு முடியைத் தேய்த்துப் பாருங்கள். கிளிப்பரிலேயே வளர்ந்த நாய்க்கு முடி மெத்தென்றும் நிறம் வெளுத்தும் இருக்கும். அதைப் போட்டி நேரத்துக்குள் எந்தக் கையாலும் சரிசெய்ய முடியாது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் காயம். காது மடல், அக்குள், வயிற்றோரம், விரலிடுக்கு. நம் ஊரில் உண்ணி கடித்த புண் இல்லாத நாய் குறைவு. இருப்பதை எழுதி, நாயின் சொந்தக்காரரிடமே கையெழுத்து வாங்குங்கள். எழுதாமல் விட்டால், நேற்று சொறிந்து வந்த புண்ணுக்கு இன்று வெட்டியவர் பழி சுமப்பார். இரண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் சண்டை வரும்போது உதவும். சண்டை வரும்.

நாயின் அழகுக்கு மார்க் போடுவது

இது நம் பக்கத்துக்கே உரிய வியாதி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று நாட்டு நாய்களைப் பார்த்துப் பழகிய கண்கள் நமக்கு. நெஞ்சின் ஆழம், இடுப்பு ஒடுங்கிய விதம், வால் வளைவு, இதெல்லாம் தானாகவே கண்ணில் விழும். கண்காட்சிக்கு அது வேண்டும். குரூமிங்கில் நாய் சுமாராக இருந்தால்தான் வெட்டியவரின் புத்தி தெரியும்.

பின்னங்கால் மூட்டு உள்பக்கமாக ஒட்டி நிற்கும் பூடில் ஒன்று வருகிறது என்று வையுங்கள். விவரம் தெரிந்தவர் மூட்டின் உள்பக்கத்தை ஒட்ட வெட்டி, வெளிப்பக்கத்தில் முடியை விட்டு வைப்பார். பின்னால் நின்று பார்த்தால் கால் நேராகத் தெரியும். முதுகு நீண்ட நாய்க்கு நெஞ்சு முன்பக்கத்தையும் புட்டத்தையும் குறைத்து நீளத்தை மறைப்பார். கை வைத்துப் பார்த்தால்தான் எலும்பு எங்கே, முடி எங்கே என்று தெரியும். அதற்கு மார்க் கொடுங்கள். பிறவியிலேயே கால் நேராக இருக்கிற நாய்க்கு அதன் தாய் தகப்பனைத்தான் பாராட்ட வேண்டும்.

முதல் நாய்க்குக் கஞ்சத்தனம், கடைசி நாய்க்குத் தாராளம்

முதல் மேஜையில் பத்துக்கு ஆறு போடுவார்கள், பின்னால் நல்லது வந்தால் இடம் வேண்டுமே என்று. எட்டாவது மேஜைக்கு வரும்போது கால் வலிக்கும், அதே தரத்து வேலைக்கு எட்டு விழும். பேனாவைப் பையில் வைத்துவிட்டு முதலில் ஒரு சுற்று சும்மா நடங்கள். மேல், நடு, கீழ் என்று மனதில் பிரித்த பிறகு எழுதத் தொடங்குங்கள். முடித்ததும் முதல் இரண்டு மேஜைக்குத் திரும்பப் போய், கடைசியில் போட்ட மார்க்கோடு ஒத்துப் பாருங்கள்.

மேஜைமேல் பார்த்ததோடு முடிப்பது

பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் உருவத்தைப் பாருங்கள். பிறகு கிட்டே போய் சீப்பை விட்டுப் பாருங்கள். பிறகு நாயைக் கீழே இறக்கி நடக்க விடுங்கள். இறங்கியதும் பெரும்பாலான நாய்கள் உடம்பை ஒரு உதறு உதறும். ஸ்பிரேயும் சீப்பும் சேர்ந்து மறைத்த நீண்ட முடியெல்லாம் அப்போது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நான்கு கால் உருளையும் ஒரே அளவா என்பதும் நடையில்தான் தெரியும்.

நேரம்

மணி அடித்தால் கத்திரி கீழே.

ரத்தம்

வெட்டுப் பட்டால் வெளியேற்றமா, மார்க் குறைப்பா என்பதை முந்தின நாளே எழுதி ஒட்டுங்கள். யாருடைய மேஜையில் பட்டது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

நடுவர்கள் கூடிப் பேசுவது

மார்க் தாளைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். குடித்துவிட்டு வந்து கொடுத்தால் மூன்று தாளும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கும்.

வெயிலை மறப்பது

சித்திரை, வைகாசியில் பந்தல் போட்டால் கடைசி மேஜைக்கு ஃபேன் எட்டாது. மூச்சிரைக்கும் நாய் நிலையாக நிற்காது. வாய் திறந்தபடி இருக்கும்போது முகத்தின் இரண்டு பக்கத்தையும் சமமாக வெட்டவும் முடியாது. அதனால் யாருக்கு எந்த மேஜை என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தர வேண்டும். ஈறு சிவந்து, எச்சில் கொழகொழவென்று வழிந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் நாயை இறக்கச் சொல்லுங்கள். சொல்வதற்கு அதிகாரம் நடுவருக்குத்தான் உண்டு. வெட்டுகிறவர் பரிசு ஆசையில் சொல்ல மாட்டார்.

வெயிலைச் சாக்கு வைத்து கோல்டன் ரெட்ரீவரையும், நாம் பொமரேனியன் என்று கூப்பிடும் ஸ்பிட்ஸையும் மொட்டை அடித்து நிறுத்துகிறவர்களும் உண்டு. இரட்டை அடுக்கு முடி உள்ள நாய்க்கு அந்த மேல்முடிதான் வெயிலுக்குக் கவசம். சிரைத்தால் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதே இல்லை. எவ்வளவு சீராகச் சிரைத்திருந்தாலும் மார்க் போடாதீர்கள். நீங்கள் போட்டால் நாளைக்கு அந்தப் பகுதிக் கடைகளில் எல்லாம் அதுதான் நாகரிகம்.

ராஜபாளையத்தையும் பூடிலையும் ஒரே வரிசையில் நிறுத்துவது

ஆள் குறைவு என்பதற்காக எல்லா இனத்தையும் ஒரே பிரிவில் கொட்டுவார்கள். ஒட்ட முடி உள்ள நாயில் கத்திரிக்கு வேலையே இல்லை. ரப்பர் பிரஷ்ஷால் உதிர் முடியை எடுத்தது, காதைச் சுத்தம் செய்தது, நகத்தை நரம்பு படாமல் வெட்டியது, உண்ணி இல்லாமல் வைத்திருப்பது, இவ்வளவுதான் பார்க்க முடியும். ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும், தேய்த்த தேய்ப்பில் சிராய்ப்பு விழுந்திருந்தால் உடனே தெரியும். இதற்குத் தனி மார்க் தாள் கேளுங்கள். அமைப்பாளர் தர மறுத்தால், அந்தப் பிரிவுக்கு மட்டும் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். ஒரே தாளில் இரண்டையும் மார்க் போட்டுவிட்டு வெளியே வந்து விளக்கம் சொல்ல யாராலும் முடியாது.