மலையேற ஷூ வாங்குகிறீர்களா? நம்பரை மட்டும் நம்பாதீர்கள்

மதுரை யானைமலையிலோ திண்டுக்கல் சிறுமலையிலோ கால் நகம் கறுத்துப் போய் இறங்குபவர்களைக் கேட்டால், பெரும்பாலும் பாதையைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் தவறு கடையிலேயே நடந்திருக்கும். "எட்டாம் நம்பர் குடுங்கண்ணே" என்று கேட்டு, உட்கார்ந்தபடியே மாட்டிப் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். நம்பர் நீளத்தைச் சொல்லும், அதுவும் தோராயமாக. கம்பெனிக்குக் கம்பெனி அரை நம்பர் முன்னே பின்னே இருக்கும். அகலத்தைப் பற்றி அது மூச்சே விடாது. வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்து வளர்ந்த பாதம் விரல் பக்கம் விரிந்திருக்கும். கடையில் தொங்கும் ஷூக்களில் பலவும் முன்பக்கம் ஒடுங்கியவை.

இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் பெரிய தவறு. பக்கவாட்டில் இறுக்குகிறதா, ஒரு நம்பர் கூட்டி வாங்கிவிடுவது. நம்பர் கூடினால் அகலம் கொஞ்சம்தான் கூடும். நீளம் வேண்டாத அளவுக்குக் கூடிவிடும். ஷூ மடங்கும் இடம் விரல் மூட்டுக்கு நேராக இல்லாமல் முன்னால் தள்ளிப்போகும். குதிகால் பிடிப்பில்லாமல் மேலும் கீழும் ஆடி, உரசி, கொப்புளம் போடும். இறக்கத்தில் பாதம் முழுவதுமாக வழுக்கிப் போய் முன்பக்கம் முட்டும். நகம் கறுப்பது சின்ன ஷூவால் மட்டுமல்ல, பெரிய ஷூவாலும்தான். பாதம் அகலமாக இருந்தால் 'வைட்' என்று போட்டிருக்கும் மாடலைக் கேளுங்கள். அது இல்லையென்றால் அந்தக் கம்பெனியை விட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே அளந்துகொண்டு போவது நல்லது. நாள் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரம்தான் அதற்குச் சரி. ஏ4 தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரைத் தொட, முழு எடையும் காலில் இறங்கும்படி நில்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, வேறொருவரை வரையச் சொல்லுங்கள். நீங்களே குனிந்தால் எடை மாறிவிடும். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். எது நீளமோ அதுவரைதான் கணக்கு. இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கே வாங்குங்கள்.

கடையில் முதலில் ஷூவுக்குள் பாதம் படும் தட்டையான அட்டையை, அதாவது இன்சோலைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் மிஞ்ச வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலுக்கு வெளியே பிதுங்கினால், விற்பவர் "போகப் போக லூசாயிடும் சார்" என்று சொன்னாலும் வாங்காதீர்கள். தோல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். சிந்தெடிக் துணியும் முன்பக்க ரப்பரும் கொடுக்காது. பிறகு மலைக்குப் போடும் அதே சாக்ஸோடு லேஸ் கட்டி, கடை மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். படியின் செங்குத்துப் பக்கத்தில் ஷூ நுனியால் மூன்று நான்கு முறை லேசாக உதையுங்கள். விரல் போய் முட்டினால் அந்த ஜோடி வேண்டாம். ஏறும்போது குதிகால் இம்மியளவு எழும்பினால் பரவாயில்லை, நழுவக் கூடாது.

அடுத்த தவறு, இமயமலைக்குப் போகிறவர் சொன்னதை வாங்கி நம்மூர் பாறையில் போடுவது. யானைமலை, சமணர் மலை மாதிரி மொட்டைப் பாறைக்குக் கனமான பூட்ஸ் தண்டம். அடியில் பெரிய பெரிய கட்டைகள் துருத்தி நிற்கும் பட்டன் சோல் சேற்றுக்கு நல்லது, காய்ந்த பாறையில் தொடும் பரப்பு குறைந்துவிடும். அங்கே மென்மையான ரப்பரும் தட்டையான அடியும் உள்ள, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் ஷூதான் ஒட்டும். (பாசி படிந்த ஈரப்பாறைக்கு எந்த சோலும் உதவாது.) தேனி மாவட்டத்துக் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறுவதுபோல நாள் முழுக்க உருட்டுக் கல்லில், முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோவோடு நடப்பதென்றால் கணக்கு வேறு. ஷூவின் இரு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகினால் அந்த வேலைக்கு ஆகாது. கணுக்காலை மூடும் பூட்ஸ் கல் இடிக்காமல் காக்கும், ஆனால் குதிகால் சரியாகப் பொருந்தாவிட்டால் அதுவும் சுளுக்கைத் தடுக்காது.

வாட்டர்ப்ரூஃப் என்றதும் கூடுதலாக இரண்டாயிரம் மூவாயிரம் கொடுக்கத் தயாராகிவிடுகிறோம். மதுரை வெயிலில், தண்ணீரைத் தடுக்க அதன் உள்ளே வைத்திருக்கும் சவ்வு வியர்வையை வேகமாக வெளியே விடாது. உள்ளிருந்தே கால் நனையும். ஓடையில் மேல்வழியாகத் தண்ணீர் புகுந்தால் காயவும் நாளாகும். நம் பக்கத்துக்கு வலைத்துணி ஷூவே போதும். ஆனால் சீமைக்கருவேலங்காட்டு வழி என்றால் அடி தடிமனாக இருக்கட்டும். மெல்லிய ஃபோம் சோலை அந்த முள் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

சாக்ஸில் பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைத்துவிடும், ஊறிய தோல்தான் சீக்கிரம் உரியும். கம்பளிக் கலவையோ பாலியெஸ்டரோ வாங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, பாதத்தின் மேல்வளைவுக்கு நேராக லேஸை இரண்டு முறுக்கு முறுக்கி இறுக்கிக் கட்டுங்கள். விரல் பக்கம் தளர்வாகவே இருக்கட்டும்.

தள்ளுபடியில் கிடைக்கும் பழைய ஸ்டாக்கிலும் கவனம் தேவை. சில பூட்ஸ்களின் நடு சோல், அதாவது அடி ரப்பருக்கு மேலே இருக்கும் மெத்தைப் பகுதி, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. போடாமலே பெட்டியில் வைத்திருந்தாலும், காற்றின் ஈரம் பட்டுப் பட்டு, வருடங்கள் போகப் போக அது உதிர ஆரம்பிக்கும். வாங்கும் முன் சோலின் பக்கவாட்டை நகத்தால் அழுத்துங்கள். மேற்பரப்பில் வெடிப்பு தெரிந்தாலோ துகள் உதிர்ந்தாலோ, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பாதி மலையில் அடி தனியாகக் கழன்றுவிடும்.