விண்வெளிக் கதிர்வீச்சால் வரக்கூடிய புற்றுநோய் அபாயத்தை மதிப்பிடும் முறை

பயணம் எங்கே, எத்தனை நாள், சூரியனின் செயல்பாடு கூடிக் குறையும் சூரியச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் அண்டக் கதிர்கள் (தொலைவிண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள்) சூரியக் குடும்பத்துக்குள் கூடுதலாக வருவதால், ஒரே பயணமானாலும் புறப்படும் ஆண்டைப் பொறுத்து அளவு மாறும்.

அடுத்து, உடல் ஒரு கிலோ எடைக்கு உள்வாங்கும் ஆற்றலைக் கிரே அலகில் கணக்கிட்டு, அதைத் தரக் காரணியால் (அந்த வகைக் கதிர் உடலுக்கு எவ்வளவு தீங்கானது என்பதைக் காட்டும் எண்) பெருக்கி, தீங்கை அளக்கும் அலகான சீவர்ட்டாக மாற்ற வேண்டும். கியூரியாசிட்டி ஊர்தி 2011-12இல் செவ்வாய்க்குச் சென்ற வழியில் அதிலிருந்த ராட் (RAD) என்ற கதிர்வீச்சு அளவிடும் கருவி பதிவு செய்த அண்டக் கதிர் அளவு நாளொன்றுக்கு 0.481 மில்லி கிரே. சராசரித் தரக் காரணி 3.82; இரண்டையும் பெருக்கினால் 1.84 மில்லி சீவர்ட். செவ்வாய்க்குப் போய்வரும் பயணத்துக்கு மட்டும் 360 நாள் என்று கொண்டால் ஏறத்தாழ 660 மில்லி சீவர்ட் ஆகிறது. ஒரு விண்வெளி வீரரின் பணிக்காலம் முழுவதற்கும் நாசா 2022இல் வகுத்த வரம்பே 600 மில்லி சீவர்ட்தான். இது கருவி கண்ட அளவு. விண்கலத்தின் சுவரும் உடலின் தசையும் தடுப்பதைக் கணக்கில் எடுத்து நுரையீரல், இரைப்பை, எலும்பு மஜ்ஜை என உறுப்புவாரியாகப் பிரித்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

உறுப்பு அளவை அபாயமாக மாற்ற, ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்துப் பெற்ற கெழுக்களே (குறிப்பிட்ட அளவு கதிருக்கு அபாயம் எவ்வளவு கூடுகிறது என்ற எண்கள்) இன்றும் அடிப்படை. வயது, பால் ஆகியவற்றுக்கு ஏற்ற கெழுவை எடுத்து, கதிர் ஒரே நொடியில் அன்றி மெல்ல மெல்லச் சேர்வதால் 1.5 அல்லது 2 ஆல் வகுத்து, வேறு காரணங்களால் முன்பே இறக்கும் வாய்ப்பை ஆயுள் அட்டவணையை (ஒவ்வொரு வயதிலும் இறக்கும் வாய்ப்பைத் தரும் பட்டியல்) கொண்டு கழிக்க வேண்டும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது தரக் காரணியில்தான். அணுகுண்டு வீச்சில் மக்கள் மீது பாய்ந்தது பெரும்பாலும் காமா கதிர். இரும்பு அணுக்கரு போன்ற கனமான துகள் மனித உடலில் புற்றுநோயை எந்த அளவுக்குத் தூண்டும் என்பதற்கு மனிதச் சான்று கிடையாது, எலிகளிலும் வளர்ப்புச் செல்களிலும் செய்த சோதனைகளே துணை. ஆகவே ஒவ்வொரு காரணிக்கும் ஒற்றை எண்ணுக்குப் பதிலாகக் குறைந்த மதிப்பு முதல் கூடிய மதிப்பு வரையிலான ஓர் இடைவெளியைக் கொடுத்து, கணினியில் பல்லாயிரம் முறை கணக்கை ஓட்டி, நடு மதிப்பையும் 95 சதவீத மேல் எல்லையையும் சேர்த்தே எழுத வேண்டும். நடு மதிப்பை மட்டும் வீரரிடம் நீட்டுவது அவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

கணக்கிடுவது நோய் வரும் வாய்ப்பா, அதனால் இறக்கும் வாய்ப்பா என்பதையும் அறிக்கையில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இறப்பை மட்டும் எண்ணினால், நோயோடு போராடிப் பிழைத்தவர் கணக்கிலேயே வரமாட்டார்.