டர்போ அழுத்தத்தில் திணறிய எஞ்சின்: என் அனுபவம்

1990களில் தயாரான என் டர்போ ஸ்போர்ட்ஸ் கார் ஐடிலிங்கில் சீராகவே ஓடும்; ஆனால் ஆக்ஸிலேட்டரை அழுத்தி, 3000 ஆர்.பி.எம்.மைத் தாண்டி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தம் ஏறத் தொடங்கியதும் குலுங்கித் திணறும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோது நான்கின் முனைகளிலும் விரலில் ஒட்டும் உலர்ந்த கரி படிந்திருந்தது. காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் கூடுதலாகச் சேர்வதன் அடையாளம் அது. அழுத்தம் கூடினால் தீப்பொறி தாவுவது கடினம் என்பதால் பிளக் இடைவெளியை 0.8 மி.மீ.யிலிருந்து 0.7 மி.மீ.யாகக் குறைத்தேன், திணறல் சற்றுத் தணிந்ததே தவிர, தீரவில்லை.

பிறகுதான் காற்றுப் பாதையைச் சோதித்தேன். உண்மையில் எந்த உதிரிபாகத்தையும் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது. உள்ளே வரும் காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் டர்போவுக்கு முன்னதாகவே அளந்துவிடுவதால், அதற்குப் பின்னால் எங்காவது கசிந்தால், வெளியேறிவிட்ட காற்றுக்கும் சேர்த்தே இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைச் செலுத்துகிறது. எஞ்சினை அணைத்து, டர்போவின் நுழைவாயை அடைத்து, ரெகுலேட்டர் பொருத்திய கம்ப்ரசரால் 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் மட்டும் கொடுத்து, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில், அடிப்பக்கத்தில், கிளாம்பை ஒட்டியிருந்த மயிரிழை வெடிப்பிலிருந்து நுரை பொங்கியது.

ஹோஸையும் கிளாம்பையும் மாற்றி, புதிய பிளக்குகளைப் பொருத்தினேன். அன்று மாலையே எஞ்சின் தங்குதடையின்றி வேகமெடுத்தது.