ஐ.எம்.எஸ். படிநிலைத் தரவுத்தளத்தை உறவுமுறை அட்டவணைகளுக்கு மாற்றுவது எப்படி?

அப்பல்லோ விண்கலத்தின் பாகங்களைக் கணக்கில் வைத்துக்கொள்வதற்காக ஐபிஎம், ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனங்களின் பொறியாளர்கள் 1966-இல் சேர்ந்து உருவாக்கத் தொடங்கிய ஐ.எம்.எஸ்., தரவை மரம்போல மேல்-கீழ் அடுக்குகளாக வைக்கும் தரவுத்தள மென்பொருள்; அது இன்றும் மெயின்ஃப்ரேம் எனப்படும் பெருங்கணினிகளில் இயங்கி வருகிறது. அதிலுள்ள தரவை, அட்டவணைகளில் தரவை வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுசெல்லும் முறையை, வாடிக்கையாளர், அவருக்குக் கீழே கணக்கு, கணக்கின் கீழே பரிவர்த்தனை என மூன்று செக்மென்ட்கள் (பதிவுத் துண்டுகள்) கொண்ட சிறிய வங்கி மாதிரியை வைத்துப் பார்ப்போம்.

முதலில், டி.பி.டி. எனப்படும் தரவுத்தள வரையறையையும், கோபோல் மொழி நிரல்களில் புலங்களின் அமைப்பை விவரிக்கும் காப்பிபுக்குகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். எந்தச் செக்மென்ட் எதன் கீழ் இருக்கிறது, அதன் நீளம் என்ன, கீ (அதை அடையாளம் காட்டும் புலம்) எது என்பதை டி.பி.டி. சொல்லும். தேடலுக்குப் பயன்படாத புலங்களை அதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே எஞ்சிய பைட்டுகளின் பொருள் காப்பிபுக்கில்தான் கிடைக்கும். அங்கே ரீடிஃபைன்ஸ் இருந்தால், ஒரே பைட்டுகள் வெவ்வேறு வடிவங்களில் படிக்கப்படுகின்றன என்று அறிந்து, எப்போது எந்த வடிவம் என்பதை நிரலுக்குள் சென்று பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் ஓர் அட்டவணை அமையுங்கள். கணக்கு செக்மென்ட்டுக்குள் வாடிக்கையாளர் எண் இல்லாமல் இருக்கலாம்; அது யாருடைய கணக்கு என்பதை அது இருக்கும் இடமே சொல்லிவிடுகிறது. அட்டவணையில் அந்த இடம் கிடையாது என்பதால், வாடிக்கையாளர் எண்ணைக் கணக்கு அட்டவணையில் ஃபாரின் கீயாக (வேறோர் அட்டவணையைச் சுட்டும் புலமாக) சேர்த்து, வாடிக்கையாளர் எண், கணக்கு எண் இரண்டையும் இணைத்து பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் கீ) ஆக்குங்கள்.

தொடக்கநிலையினர் அதிகம் தவறவிடுவது வரிசையைத்தான். பரிவர்த்தனை செக்மென்ட்டுக்குக் கீ இல்லையென்றால், ஒரே கணக்கின் கீழுள்ள பரிவர்த்தனைகள் எந்த ஒழுங்கில் நிற்கும் என்பதை டி.பி.டி.யின் ரூல்ஸ் அமைப்பே முடிவு செய்கிறது: லாஸ்ட் என்றால் புதியது கடைசியில் சேரும், ஃபர்ஸ்ட் என்றால் முன்னால் சேரும். பழைய நிரல்கள் அந்த ஒழுங்கை நம்பியே எழுதப்பட்டிருக்கும். முதல் பரிவர்த்தனையைப் படித்து அதையே மிகப் புதியதாக எடுத்துக்கொள்ளும் நிரலும் இருக்கலாம். உறவுமுறை அட்டவணையில் வரிகளுக்கு (ரோ) இயல்பான ஒழுங்கு எதுவும் இல்லை. ஆகவே தரவை வெளியே எடுக்கும்போதே ஒவ்வொரு கணக்குக்குள்ளும் 1, 2, 3 என்று எண்ணிட்டு, அதைத் தனிப் புலமாகச் சேமியுங்கள். வெளியே எடுத்த கோப்பு ஒருமுறை வேறு விதமாக வரிசைப்படுத்தப்பட்டுவிட்டால், அந்தத் தகவலை அதிலிருந்து மீட்க முடியாமல் போகலாம்.

தரவை எடுக்க, அடுத்த செக்மென்ட்டைத் தரும் ஜி.என். (கெட் நெக்ஸ்ட்) அழைப்பால் தரவுத்தளம் முழுவதையும் படிக்கும் ஒரு நிரல் போதும். ஒவ்வொரு அழைப்பிலும் பி.சி.பி.யின் (நிரலுக்கு ஐ.எம்.எஸ். தகவல் தரும் நினைவகப் பகுதி) கீ ஃபீட்பேக் பகுதியில் வேரிலிருந்து (மேல்மட்ட செக்மென்ட்டிலிருந்து) அந்தச் செக்மென்ட் வரையிலான கீகள் சேர்ந்து வருவதால், பெற்றோரின் எண்ணை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு எழுத்துக் குறிமுறை மாற்றம். மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறிமுறையான எப்சிடிக்கில் உள்ள கோப்பு முழுவதையும் அப்படியே மற்றக் கணினிகளின் ஆஸ்கி குறிமுறைக்கு மாற்றிவிடாதீர்கள். ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைக்கும் காம்ப்-3 வகைப் புலத்தில் 1234.56 என்ற தொகை, ஒன்பது இலக்க அளவில், 00 01 23 45 6சி என ஐந்து பைட்டுகளாக இருக்கும் (கடைசி சி கூட்டல் குறி). அவை எழுத்துகள் அல்ல, எழுத்தாக நினைத்து மாற்றினால் தொகை சிதைந்துவிடும். புலம் புலமாகவே மாற்ற வேண்டும்.

இறுதியாகச் சரிபார்ப்பு. செக்மென்ட் எண்ணிக்கையும் அட்டவணை வரிகளின் எண்ணிக்கையும் பொருந்தினால் மட்டும் போதாது; கணக்கு வாரியாகத் தொகைகளைக் கூட்டி இரு பக்கமும் ஒப்பிடுங்கள். எப்சிடிக்கில் எழுத்துகளுக்குப் பின்னரே இலக்கங்கள் வரும், ஆஸ்கியில் இலக்கங்களே முன்னால் வரும். எனவே எழுத்தும் எண்ணும் கலந்த கீ இருந்தால், அறிக்கைகளின் வரிசை மாறுகிறதா என்பதையும் பழைய அறிக்கையோடு வைத்துப் பாருங்கள்.