ரோபோ ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்

"ரோபோதான் ஆபரேஷன் பண்ணுமாமே, டாக்டர் கூட இருப்பாரா?" புராஸ்டேட் புற்றுநோய்க்கு நாள் குறித்துக்கொண்டு வந்த பெரியப்பா என்னிடம் கேட்டது இது. பலரும் முதலில் தவறுவது இங்கேதான். டா வின்சி போன்ற கருவிகள் தானாக எதையும் வெட்டுவதில்லை. சில அடி தள்ளி ஒரு மேசையில் முகத்தைப் பதித்து, விரல்களை வளையங்களில் மாட்டி, பெடல்களில் கால் வைத்து, உடலில் போட்ட சின்னத் துளைகள் வழியே உள்ளே போகும் கருவிக் கைகளை டாக்டர்தான் இயக்குகிறார். அவர் தலையை வெளியே எடுத்தால் அந்தக் கைகள் அப்படியே நின்றுவிடும்.

ஆகவே, "உங்களிடம் எந்த மெஷின் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "இதே ஆபரேஷனை நீங்கள் ரோபோவில் எத்தனை செய்திருக்கிறீர்கள்? பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது எத்தனை முறை?" என்று கேளுங்கள். தயங்கவே வேண்டாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது, புதுசு என்றாலே மேல் என்று நம்புவது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் புராஸ்டேட் நோயாளிகள் 326 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ரோபோவில் ரத்த இழப்பு குறைவு. ஆனால் 12 வாரம் கழித்துப் பார்த்தால், சிறுநீரை அடக்கும் திறனில் திறந்த அறுவை சிகிச்சைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 2018இல் வந்த ஆய்வில், நாலரை ஆண்டுக்குப் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், லேப்ராஸ்கோப்பி (ரோபோ இல்லாமல் சின்னத் துளை வழியே செய்வது), ரோபோ முறைகளில் 86 சதவீதம். இந்த நோய்க்கு ரோபோ என்றால், "ஏன் திறந்து செய்யக்கூடாது?" என்று அவசியம் கேளுங்கள்.

பணம்? இந்தியாவில் மருத்துவக் காப்பீடு ரோபோ சிகிச்சையை ஏற்கிறது, ஆனால் பல பாலிசிகளில் அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. உங்கள் பாலிசியில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், சின்னத் துளைதானே என்று ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் விடுவது, வீடு திரும்பியதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது, இரண்டும் தவறு. வெளியே துளை சிறிதானாலும் உள்ளே நடந்தது பெரிய ஆபரேஷன்தான்.

இரண்டாம் நாள் தோள்பட்டை வலிக்கிறது என்று பெரியப்பா பதறினார். ஆபரேஷனுக்காக வயிற்றில் நிரப்பும் கார்பன் டை ஆக்சைடு வாயு செய்யும் வேலை அது. பெரும்பாலும் சில நாளில் போய்விடும். ஆனால் மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குவது, இதில் எது வந்தாலும் வாயு என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.